பல்கலைக்கழகக் கணக்கும் ஒரு பழைய எழுத்தரின் கணக்கும்

காலை நடையில் என்னோடு கடற்கரைச் சாலையில் நடக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். பக்கத்து மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். காந்தி சிலை அருகே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, "உங்க பணிக்கொடை வந்துடுச்சா?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். "மூணு வருஷம் ஆச்சு அண்ணே. கேட்டா, நிதி வந்ததும் தர்றோம்னு சொல்றாங்க. முப்பத்திரண்டு வருஷம் நானே அந்த சீட்ல உக்காந்து மத்தவங்களுக்குச் சொன்ன பதில்தான். இப்ப எனக்கே திரும்பி வந்திருக்கு" என்றார்.

அவர் சொன்னது வேடிக்கையாகத்தான். எனக்கு அன்று காலை இட்லி இறங்கவில்லை. ஏனென்றால் அந்தப் பதிலை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் பண நெருக்கடி என்று பத்திரிகையில் செய்தி வந்தால் நம்மில் பலர் உடனே சொல்வது, "எவனோ அடிச்சிட்டான்" என்பதுதான். முப்பத்தைந்து வருடம் கணக்குப் பிரிவுகளில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், திருடன் இல்லாமலே பணம் போகும். ஒரு பைசாவைக்கூட யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகாமல் ஒரு நிறுவனம் போண்டியாக முடியும். திருடனைப் பிடிப்பது சுலபம், இந்த இரண்டாவது வகையைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. புதுவையிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் சிதம்பரம். 1929-இல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் தொடங்கிய பல்கலைக்கழகம். என் வயதுக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய பெயர் என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழிசையும் தமிழாராய்ச்சியும் அங்கே வளர்ந்தன. நம் கடலூர், விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே படித்துத்தான் ஆளானார்கள். வேலையில் இருந்துகொண்டே பட்டம் வாங்கியவர்களுக்கு அதன் தொலைதூரக் கல்வி ஒரு வரப்பிரசாதம். என் அலுவலகத்திலேயே நாலைந்து பேர் அப்படிப் படித்துப் பதவி உயர்வு பெற்றார்கள்.

அந்தத் தொலைதூரக் கல்விதான் பல்கலைக்கழகத்துக்குப் பணத்தைக் கொட்டியது. கொட்டும்போது ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். கடைசியில் 12,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள். இங்கே ஒரு சின்னக் கணக்கைப் பார்க்க வேண்டும். தொலைதூரக் கல்விக் கட்டணம் என்பது ஆண்டுதோறும் ஏறி இறங்கும் வரும்படி. போட்டிக்கு இன்னொரு பல்கலைக்கழகம் வந்தால் இறங்கும், விதிகள் மாறினால் இறங்கும். ஒருவருக்கு நிரந்தர வேலை கொடுத்தால் அது முப்பது வருடச் சம்பளம், அதன் பிறகு ஓய்வுக்காலப் பணம். ஏறி இறங்கும் வரும்படியை நம்பி இறங்காத செலவை ஏற்றுக்கொள்வது, ஐப்பசி மழையில் நிரம்பிய ஏரியைப் பார்த்துச் சித்திரைக்கும் சேர்த்து மூன்று போகம் நடுவது போல.

2012 கடைசியில் சம்பளத்தைக் குறைக்கப் போகிறோம், ஆட்களைக் குறைக்கப் போகிறோம் என்ற பேச்சு வந்தது. ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். பல்கலைக்கழகம் மூடிக் கிடந்தது. 2013 ஏப்ரலில் தமிழக அரசு ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரியை நிர்வாகியாகப் போட்டது. அந்த ஆண்டே சட்டமன்றத்தில் புதிய சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தை அரசே எடுத்துக்கொண்டது. உபரி என்று கணக்கிடப்பட்ட ஆசிரியர்களும் அலுவலர்களும் ஆயிரக்கணக்கில் அரசுக் கல்லூரிகளுக்கும் மற்ற அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள்.

அவர்களை வேலையை விட்டு நீக்காமல் மாற்றுப் பணி கொடுத்ததை நான் குறை சொல்லமாட்டேன். வேலைக்கு வந்தவன் செய்த தப்பு என்ன? உத்தரவு கொடுத்தார்கள், சேர்ந்தான். வீடு கட்டினான், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தான். ஐம்பது வயதில் பெட்டி படுக்கையோடு ஊர் ஊராகப் போனான். யாரோ எப்போதோ போட்ட கையெழுத்துகளுக்கு விலை கொடுத்தவன் இவன். கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் விலை கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

மாணவர்களும் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தை அரசு எடுத்துக்கொண்டு ஏழு வருடம் ஆன பின்னும் அதன் மருத்துவக் கல்லூரியில் கட்டணம் அரசு மருத்துவக் கல்லூரிக் கட்டணத்தைவிடப் பல மடங்கு இருந்தது. "அரசுக் கல்லூரி என்றால் அரசுக் கட்டணம் எங்கே?" என்று மாணவர்கள் 2020 கடைசியில் உட்கார்ந்து போராடினார்கள். 2021 தொடக்கத்தில் அந்தக் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. அதற்குப் பிறகுதான் கட்டணம் குறைந்தது.

இது வரும்படி கொட்டியதால் கெட்ட கதை. வரும்படி வற்றியதால் கெட்ட கதையும் ஒன்று இருக்கிறது. அது சென்னைப் பல்கலைக்கழகம்.

1857-இல் பிறந்தது. தென்னாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் தாய் என்று சொல்வார்கள். நமக்கும் அதுதான் தாய். 1985-இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் புதுவைப் பல்கலைக்கழகம் வரும் வரை இங்கே உள்ள கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடுதான் இணைந்திருந்தன. என் தங்கை வாங்கிய பட்டத்தில் அதன் முத்திரை இருக்கிறது. கண்ணாடி போட்டு எங்கள் கூடத்தில் மாட்டியிருந்தார் அப்பா. பிரெஞ்சு மட்டுமே தெரிந்த மனிதர், அதில் எழுதியிருந்த இங்கிலீஷை அவரால் படிக்க முடியாது. ஆனாலும் வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார்.

தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனார்கள். 1966-இல் மதுரை, 1978-இல் பொறியியலுக்கு அண்ணா பல்கலைக்கழகம், 1982-இல் பாரதியாரும் பாரதிதாசனும், 1985-இல் நம் புதுவை, 2002-இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். ஒவ்வொரு முறையும் கல்லூரிகள் பிரிந்து போயின. அவற்றோடு இணைப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் போயின. பெரிய குடும்பத்துக்காகக் கட்டிய வீடு, சமையற்கட்டு, வேலையாட்கள், ஓய்வு பெற்றவர்களின் பென்ஷன் எல்லாம் அப்படியே தாயிடம் நின்றுவிட்டன.

அரசு மானியம் இருக்கிறதே என்பீர்கள். அதில்தான் தணிக்கை வருகிறது. தமிழ்நாட்டில் பல்கலைக்கழகக் கணக்கைப் பார்ப்பது உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. அனுமதி இல்லாத பணியிடம், அனுமதி இல்லாத செலவு என்று ஆட்சேபணைகள் ஆண்டாண்டாகக் குவிந்தன. பதில் போய்ச் சேராத ஆட்சேபணைகளைக் காட்டி மானியம் குறைந்தது. மானியம் குறைந்ததும் சொந்த வரும்படியின் பங்கு கூடியதாகக் கணக்கு காட்டியது. இங்கேதான் வருமான வரித் துறை வந்தது.

வருமான வரிச் சட்டத்தில், அரசு நிதியில் கணிசமாக நடக்கும் கல்வி நிறுவனத்துக்கு வரிவிலக்கு உண்டு. "கணிசமாக" என்றால் என்ன என்பதற்கு ஓர் அளவுகோலும் உண்டு. மொத்த வரவில் பாதிக்கு மேல் அரசு மானியமாக இருக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. வரி பாக்கி ₹424 கோடி என்று கணக்குப் போட்டு, 2024 பிப்ரவரியில் அதன் வங்கிக் கணக்குகளை முடக்கினார்கள். அப்பன் சோறு போடுவதைக் குறைத்தான், அதனால் நீ அவன் பிள்ளையே இல்லை என்று ஊர் சொன்னது. பிள்ளையின் நிலை எப்படி இருக்கும்?

அந்த நேரத்தில் வீட்டுக்குப் பெரியவரும் இல்லை. துணைவேந்தரின் பதவிக்காலம் 2023 ஆகஸ்டில் முடிந்தது. அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் யார் யார் இருப்பது என்று ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் வழக்கு. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது, மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் இடைக்காலத் தடை போட்டது. யார் பக்கம் நியாயம் என்று இங்கே நான் பஞ்சாயத்து பண்ணப் போவதில்லை. கணக்குப் பிரிவில் இருந்தவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மேலே ஒரு நாற்காலி காலியாக இருந்தால் கீழே நூறு ஃபைல் நிற்கும். ஒருங்கிணைப்புக் குழு அன்றாடத்தை நடத்தும். பதினைந்து வருடத்துக் கடனை எப்படி அடைப்பது என்ற கசப்பான முடிவை எடுக்காது. அதற்கு ஒரு முகம் வேண்டும், ஒரு பெயர் வேண்டும்.

இப்போது நான் முதலில் சொன்ன என் கதைக்கு வருகிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. யு.டி.சி.யாக இருந்த என்னை ஒரு கல்வி நிறுவனத்துக்கு அயற்பணியில் அனுப்பினார்கள். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். அங்கே விடுதி மாணவர்களிடம் சேரும்போது காஷன் டெபாசிட் வாங்குவார்கள். தலைக்கு முன்னூறு ரூபாய். அதற்கென்று தனி சேமிப்புக் கணக்கு, தனிப் பேரேடு. படிப்பு முடிந்து போகும்போது திருப்பித் தர வேண்டிய பணம். நிறுவனத்தின் கையில் இருந்தாலும் நிறுவனத்தின் பணம் இல்லை.

ஒரு வருடம் மானியம் வரவில்லை. மாதக் கடைசி. சம்பளம் போடப் பணம் இல்லை. அதிகாரி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், இதை மனசாரச் சொல்கிறேன். அலுவலகக் காரில் தன் வீட்டு ஆட்களை ஏற்றாதவர். "டெபாசிட் கணக்கில் இருந்து தற்காலிகமாக மாற்றிக்கொள்வோம். மானியம் வந்ததும் முதல் வேலையாக வைத்துவிடலாம். நோட் போடுங்கள்" என்றார்.

எனக்கு விதி தெரியும். தனி நோக்கத்துக்காக வாங்கிய பணத்தை வேறு செலவுக்குத் தொடக்கூடாது. தெரிந்தும் நோட் போட்டேன். நாற்பது குடும்பத்துக்குச் சம்பளம், அதில் என் குடும்பமும் ஒன்று. "மானியம் வரப்பெற்றவுடன் ஈடுசெய்யப்படும்" என்று அழகாக எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

மானியம் வந்தது. வந்த அன்றே மின்சாரப் பாக்கி, கட்டட ஒப்பந்தக்காரர் பாக்கி என்று போய்விட்டது. டெபாசிட் கணக்கு காலியாகவே இருந்தது. ஜூன் மாதம் படிப்பு முடித்த பிள்ளைகள் ஜன்னலில் வந்து நின்றார்கள். "நிதி வந்ததும் தருகிறோம், அடுத்த வாரம் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன்.

காரைக்காலில் இருந்து ஒரு பையன் அப்பாவோடு வந்தான். அப்பா வயல் வேலை செய்கிறவர், வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, கையில் ரசீதை வைத்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் என்றேன். அடுத்த வாரம் வந்தார்கள். மறுபடியும் அதையே சொன்னேன். மூன்றாவது முறை பையன் மட்டும் வந்தான். "சார், எங்க ரெண்டு பேருக்கும் பஸ் செலவே பாதி ஆயிடுச்சு. இனிமே வரலை சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

இரண்டு வருடம் கழித்துத் தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். சரியாகப் பிடித்துவிட்டார்கள். தனி நிதியை வேறு செலவுக்கு மாற்றியது முறையல்ல, உடனே ஈடுசெய்து தெரிவிக்கவும் என்று ஒரு பாரா. அதற்குப் பதில் எழுதியவனும் நானே. என்ன எழுதினேன் தெரியுமா? "தணிக்கையின் கருத்து எதிர்கால வழிகாட்டுதலுக்காகக் குறித்துக்கொள்ளப்பட்டது." அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இந்த வாக்கியத்தின் அருமை தெரியும். எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் சாவி அது. யார் குறித்துக்கொண்டார்கள், எங்கே குறித்துக்கொண்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பாரா கைவிடப்பட்டது. காரைக்கால் பையனின் முன்னூறு ரூபாய் என்ன ஆயிற்று என்பது எந்தப் பேரேட்டிலும் இல்லை.

இதில் யார் திருடன்? யாரும் இல்லை. அதனால்தான் சொன்னேன், திருடன் இல்லாமலே பணம் போகும் என்று. பெரிய பல்கலைக்கழகங்களில் நடப்பதும் இதுவே. அளவுதான் கோடி. ஆராய்ச்சித் திட்டத்துக்கு வந்த பணம், யாரோ ஒரு தாத்தா பேரன் பேத்திகள் படிக்கட்டும் என்று எழுதி வைத்த அறக்கட்டளைப் பணம், ஊழியர்களின் ஓய்வுக்கால நிதி, இவையெல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது சம்பள நாள் வந்தால் கை அங்கேதான் போகும். "தற்காலிகமாக" என்ற சொல்லை அகராதியில் இருந்தே எடுத்துவிடலாம் என்று எனக்குப் பல முறை தோன்றியிருக்கிறது.

என் பெரியப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே திரேஸோரில், அதாவது கருவூலத்தில், வேலை பார்த்தவர். நான் பிரெவே வரை பிரெஞ்சில் படித்தவன் என்பதால் என்னிடம் தொழில் விஷயமெல்லாம் பிரெஞ்சிலேயே சொல்வார். அவர்கள் முறையில் இரண்டு ஆள் உண்டு. செலவு செய்யலாம் என்று உத்தரவு போடுகிறவர் ஒருவர், அவருக்கு ஒர்தொனத்தேர் என்று பெயர். பணத்தை எண்ணிக் கொடுக்கிறவர் கோந்தாப்ள். இந்த இருவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது. முன்னவர் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும், விதிப்படி இல்லாத உத்தரவு என்றால் பின்னவர் பணம் கொடுக்க மறுக்கலாம். மறுக்காமல் கொடுத்துவிட்டால்? சொந்தக் கையில் இருந்து கட்ட வேண்டும். அதற்காக அவர் பதவி ஏற்கும்போதே பிணை வைக்க வேண்டும். அந்தப் பிணைக்கு அவர்கள் மொழியில் கோசியோன் என்று ஒரு சொல் உண்டு.

நம்முடைய காஷன் டெபாசிட்டில் வரும் அதே சொல்தான் அது. இதை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். அந்த முறையில் பணத்தைக் காக்க வேண்டிய அதிகாரி பிணை வைத்தார். நம் முறையில் பதினேழு வயதுப் பையன் பிணை வைத்தான். தட்டையும் நாற்காலியையும் உடைத்துவிடுவான் என்று அவனிடம் பிணை. அவன் பணத்தை நாங்கள் உடைத்ததற்கு எங்களிடம் பிணை எதுவும் இல்லை.

பிரெஞ்சுக்காரன் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். இங்கே அவன் ஆட்சியில் நடந்த அநியாயங்களும் பெரியப்பா சொல்லி எனக்குத் தெரியும். நெப்போலியன் காலத்தில், 1807-இல், தொடங்கிய தணிக்கை நீதிமன்றம் வைத்திருக்கும் நாடு அது. அங்கேயே 2007-இல் பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தமாக வரவு செலவு நடத்தும் உரிமை கொடுத்த பிறகு பல பல்கலைக்கழகங்கள் பற்றாக்குறையில் விழுந்தன. வெர்சாய் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு 2013-இல் பணமுடை வந்து அரசு கைகொடுக்க வேண்டியிருந்தது. கோந்தாப்ள் சொந்தக் கையில் இருந்து கட்டும் பழைய விதியையும் 2023 முதல் மாற்றிவிட்டார்கள். முறை இருந்தால் மட்டும் பணம் பெருகாது. ஆனால் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் கணக்கு அதிகாரியை இரண்டு அமைச்சகங்கள் சேர்ந்து நியமிக்கின்றன, துணைவேந்தர் தானாக நியமிப்பதில்லை. "முடியாது" என்று சொல்ல ஒரு நாற்காலி இருக்கிறது. நம் நிதி அலுவலரின் நாற்காலியில் உட்கார்ந்து துணைவேந்தரிடம் "முடியாது" என்று சொல்லிப் பாருங்கள். மறுநாள் அந்த நாற்காலியில் வேறு ஆள் இருப்பார்.

நான் சொல்ல வருவது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. ஓர் எழுத்தருக்குத் தோன்றும் நாலு விஷயம்.

முதலாவது, நிதி அலுவலரை வெளியில் இருந்து போட வேண்டும். குறித்த காலம் வரை அவரை யாரும் அசைக்க முடியாத பாதுகாப்பும் கொடுக்க வேண்டும். அவர் எழுத்தில் ஆட்சேபித்த செலவை மேலே உள்ளவர் மீறிச் செய்தால், அந்த மீறலில் மேலே உள்ளவரின் பெயர் இருக்க வேண்டும்.

இரண்டாவது, பிறர் பணத்துக்குத் தனிப் பூட்டு. மாணவர் டெபாசிட், அறக்கட்டளை, பென்ஷன் நிதி மூன்றையும் பல்கலைக்கழகத்தின் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலேயே வைக்கக் கூடாது. எடுப்பதற்கு வெளி ஆள் ஒருவரின் கையெழுத்தும் தேவை என்று வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு விதி துணைக்கு இருந்திருந்தால், "சார், நான் போட்டாலும் வங்கியில் கொடுக்கமாட்டான்" என்று சொல்லித் தப்பித்திருப்பேன். பல நல்லவர்களுக்குத் தேவைப்படுவது இப்படி ஒரு சாக்குதான்.

மூன்றாவது, வருமானத்தைக் காட்டாமல் நிரந்தரப் பணியிடம் இல்லை. இந்த ஆள் ஓய்வு பெறும் வரை சம்பளம் எங்கிருந்து வரும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும். இதைச் சொல்லும்போது அரசையும் சும்மா விடக்கூடாது. ஆட்சேபணை இருக்கிறது என்று மானியத்தை வெட்டுவது, தப்புச் செய்தவனை விட்டுவிட்டுப் படிக்கிற பிள்ளையின் தட்டைப் பிடுங்குவது. ஆட்சேபணைக்குக் காரணமானவரைக் கேளுங்கள், மானியத்தை ஒழுங்காகக் கொடுங்கள். ஆசிரியர் இடங்களை வருடக் கணக்கில் காலியாக வைத்து மிச்சம் பிடிப்பதும் சிக்கனம் ஆகாது, அது மாணவனிடம் சொல்லாமல் வாங்கும் கடன்.

நான்காவது, கணக்கைத் தமிழில் இரண்டு பக்கத்தில் வெளியிட வேண்டும். நம் புதுவைப் பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களின் கணக்கை மத்தியத் தணிக்கைத் துறை பார்க்கிறது, அறிக்கை பாராளுமன்றத்தில் வைக்கப்படுகிறது. நல்லதுதான். ஆனால் அதைப் படிக்கிற பெற்றோர் யார்? எவ்வளவு வந்தது, எவ்வளவு சம்பளத்துக்குப் போனது, பிறர் பணம் எவ்வளவு கையில் இருக்கிறது, தீராத தணிக்கை ஆட்சேபணை எத்தனை, ஓய்வு பெற்றவர்களுக்குப் பாக்கி எவ்வளவு. இந்த ஐந்து வரியைக் கல்லூரி வாசலில் எழுதி ஒட்டினால் போதும்.

பல்கலைக்கழகத்தின் தன்னாட்சி போய்விடுமே என்று ஒரு பேராசிரியர் நண்பர் என்னிடம் கேட்டார். என்ன பாடம் நடத்துவது, எதை ஆராய்வது என்பதில் எந்த அமைச்சரும் தலையிடக்கூடாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் கணக்குக் காட்டுவது தன்னாட்சிக்கு எதிரி அல்ல. கணக்கைக் காட்டத் தெரியாத பல்கலைக்கழகத்துக்குத்தான் ஒரு நாள் காலையில் நிர்வாகி வந்து இறங்குகிறார். சிதம்பரத்தில் நாம் பார்த்தது அதுதானே.

எங்கள் பள்ளிக்கூடத்தில் 1789-ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். சுதந்திரம், சமத்துவம் எல்லாம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பதினைந்தாவது பிரிவை யாரும் நினைவில் வைப்பதில்லை. பொதுப் பதவியில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் அவர் நிர்வாகத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமை சமுதாயத்துக்கு உண்டு என்பது அதன் பொருள். புரட்சி செய்தவர்கள் அதையும் உரிமைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

நமக்கும் 2005 முதல் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்தான் கட்டணம். பேரனுக்கோ பேத்திக்கோ பல்கலைக்கழகத்தில் இடம் தேடும்போது விடுதி எப்படி, வேலை கிடைக்குமா என்றெல்லாம் கேட்கிறோம். கூடவே இதையும் கேளுங்கள்: போன வருடம் படிப்பு முடித்தவர்களுக்கு டெபாசிட் திருப்பிக் கொடுத்தாயிற்றா, ஓய்வு பெற்றவர்களுக்குப் பணிக்கொடை கொடுத்தாயிற்றா? இந்த இரண்டுக்கும் நேரான பதில் வந்தால் அந்தப் பல்கலைக்கழகத்தின் கணக்கு ஓரளவு ஒழுங்காக இருக்கிறது என்று நம்பலாம். போகிறவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் ஒரு நிறுவனத்தின் யோக்கியதை தெரியும்.

என் நண்பரிடமும் சொல்லியிருக்கிறேன், அவர் பல்கலைக்கழகத்துக்கு மனுவை நானே எழுதித் தருகிறேன் என்று. எழுதி வாங்கியும் கொடுத்தும் பழகிய கை. இந்த முறை ஜன்னலுக்கு வெளியே நின்று எழுதுகிறேன். அந்தக் காரைக்கால் பையனுக்கு இப்போது ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அவனுக்கு நான் எழுதியிருக்க வேண்டிய பதில் வேறு. அதை எழுதவில்லை. குறித்துக்கொள்ள மட்டும் செய்தேன்.